நாட்டிங்ஹாமின் விரலளவுக் குதிரைகள்

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் கடைக் கூட்டத்திலிருந்து சில நிமிட நடைதூரத்தில் மான்செஸ்டர் சதுக்கம். அங்கே ஒரு பழைய மாளிகைக்குள் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஆயுதக் கூடத்தில், உச்சி முதல் பாதம்வரை எஃகு போர்த்திய வீரன் ஒருவன் எஃகு போர்த்திய குதிரைமேல் அமர்ந்திருக்கிறான். 1480 வாக்கில் தெற்கு ஜெர்மனியில் செய்யப்பட்ட கவசம் அது. வீரனுடையது சுமார் 27 கிலோ, குதிரையுடையது சுமார் 30 கிலோ. வருகிறவர்களில் பெரும்பாலோர் நிமிர்ந்து வீரனைப் பார்க்கிறார்கள். குட்டிக் குதிரைப்படை செய்யும் பழக்கம் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது கீழே: குளம்பு, கணுக்கால், தோள், கழுத்து. வீரனை எப்படி வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். குதிரை பொய்யாகிவிட்டால் அவனும் பொய்யாகிவிடுவான்.

மேசைப்போர் விளையாட்டு என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. ஆறடிக்கு நாலடி மேசையில் குன்று, காடு, பாழடைந்த கோட்டை. இரு பக்கமும் 28 மில்லிமீட்டர் உயரப் படைவீரர்கள். அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துகிறார்கள். எல்ஃப், கோப்ளின், டிராகன் என்று மாயக்கதை உலகத்துப் படைகள் இதில் தனி ரகம். பொம்மைகள் பெரும்பாலும் துண்டு துண்டாகவே விற்கப்படுகின்றன. வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூசிப் படையை உருவாக்குவது விளையாடுபவரின் வேலை. ஆடுவது சில மணி நேரம், அதற்கான படையைத் தயாரிப்பது பல மாதங்கள். படை தயாரிக்கும் அந்த மாதங்களுக்காகவே இதில் இருக்கிறவர்கள் ஏராளம்.

இந்த உலகத்துக்கு ஒரு தலைநகர் உண்டு. செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நாட்டிங்ஹாம். ராபின் ஹூட்டின் ஊர், ஒரு காலத்தில் லேஸ் துணிக்கும் ராலே சைக்கிளுக்கும் பெயர் பெற்ற ஊர். 1642 ஆகஸ்ட் 22 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் இங்கே கொடியேற்றித்தான் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைத் தொடங்கினார். இன்று இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் மினியேச்சர்க்காரர்கள் ‘ஈயப் பட்டை’ என்று அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் பொம்மைகளை ஈயக் கலவையில் வார்த்ததால் வந்த பெயர். கேம்ஸ் வொர்க்‌ஷாப், பெர்ரி மினியேச்சர்ஸ், வார்லார்ட் கேம்ஸ், மாண்டிக் கேம்ஸ் என்று இத்தனை நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பது தற்செயல் அல்ல. பெரிய நிறுவனத்தில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து பக்கத்திலேயே கடை விரித்தார்கள். சிற்பி, வார்ப்பவர், வர்ணக்காரர் என்று எல்லோரும் கூப்பிடு தூரத்தில் கிடைத்தார்கள்.

நகரின் மேற்கே லெண்டன் பகுதி. டிராமில் போய் இறங்கிச் சற்று நடந்தால் வில்லோ சாலையில் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு விண்வெளி வீரன் சிலை. 1975-இல் இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் லண்டனில் மரப் பலகை விளையாட்டுகள் செய்து விற்கத் தொடங்கிய தொழில் இது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் ஏறியது. பொம்மைகளை இன்னும் இந்த ஊரிலேயே வார்க்கிறது. வளாகத்துக்குள், நிறுவனத்தின் வார்ஹாமர் விளையாட்டின் பெயரில் வார்ஹாமர் வேர்ல்ட் என்ற கண்காட்சி, கடை, ஆடுகூடம், அந்த விளையாட்டின் கதையில் வரும் குள்ளர் இனத்து பீர் வடிப்பவன் பக்மன் பெயரில் ஓர் உணவகம் எல்லாம் இருக்கின்றன.

கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டிகள் வழியே நடக்கும்போது நாற்பது ஆண்டு மாற்றம் கண்ணில் படும். 1983-இல் பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் வார்ஹாமர் விளையாட்டின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தபோது பொம்மைகள் உலோகம். சுழலும் வட்ட ரப்பர் அச்சுக்குள் உருகிய கலவையை ஊற்றுவார்கள். சுழற்சியின் விசை அதை ஈட்டி நுனிவரை தள்ளும். ரப்பர் வளைந்துகொடுக்கும் என்பதால் மடிப்பும் குழிவும் உள்ள உருவம்கூடச் சிதையாமல் வெளியே வரும். குதிரைக்கு இந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. கனமான உலோக வீரன், கனமான உலோக உடல், அத்தனையும் மெல்லிய கால்களின்மேல். பாய்ந்தோடும் பாவனையில் செய்தால் கணுக்கால் வளைந்தது. அதனால் அந்தக் காலத்து உலோகக் குதிரைகள் பல, அணிவகுப்பில் நடப்பதுபோல் அடக்கமாக நிற்கின்றன.

பிளாஸ்டிக் வந்த பிறகே குதிரை ஓடத் தொடங்கியது. எடை குறைந்தது, ஒரு குளம்பு நுனியிலேயே உடல் முழுவதையும் நிறுத்த முடிந்தது. ஆனால் எஃகு அச்சு வளையாது. இரண்டு பாதிகளாகத் திறந்து மூடும் அச்சில், உள்வாங்கிய குழிவு எதுவும் இருக்கக் கூடாது. எனவே குதிரையை மூக்கிலிருந்து வால்வரை நெடுக்காகப் பிளந்து இடப்பாதி, வலப்பாதி என்று செய்தார்கள். ஒட்டிய கோடு சரியாகப் பிடரி, முதுகு, மார்பு வழியாக ஓடும். அந்தக் கோட்டை மறைப்பதில்தான் தொடங்குபவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது.

முறையைச் சொல்லிவிடலாம். துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கொடியில் காய்போல் தொங்கும். ‘ஸ்ப்ரூ’ என்பார்கள். கையால் திருகிப் பிய்க்காமல், பக்கவாட்டுக் குறட்டால் நறுக்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்ட வேண்டும். கத்தியின் வாயால் சுரண்டினால் குதிரையின் தசை வெட்டுப்படும். பிளாஸ்டிக்குக்கான பசை உண்மையில் பசையே அல்ல. இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும் கரைப்பான் அது. அதனால் இரண்டு பாதிகளையும் அழுத்திப் பிடிக்கும்போது கோட்டில் சிறிது பிதுங்கி வந்தால் நல்லது. காய்ந்ததும் அந்தப் பிதுக்கத்தைச் சீவினால் கோடு காணாமல் போகும். மிச்ச இடைவெளிக்குப் பச்சைநிற எப்பாக்ஸிப் பசைமண் இருக்கிறது. உலோகத்துக்கும் ரெசினுக்கும் இந்தக் கரைப்பான் வேலை செய்யாது. அங்கே சூப்பர் குளூ வேண்டும். கனமான உறுப்பாக இருந்தால் துளையிட்டு உள்ளே கம்பி செருக வேண்டும்.

வீரனைக் குதிரைமேல் ஒட்டிவிட்டு வர்ணம் பூசத் தொடங்குவது வீண் வேலை. சேணத்தின் உட்புறமும் தொடையின் உட்புறமும் கேடயத்தின் பின்புறமும் பிரஷ் எட்டாத குகைகளாகிவிடும். அனுபவசாலிகள் வீரனைத் தனியாக ஒரு தக்கையில் குத்தி நிறுத்துகிறார்கள், குதிரையைத் தனியாக, கேடயத்தைத் தனியாக. ஒட்டும் இடங்களில் வர்ணம் படாமல் பார்த்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகே ஏற்றி அமர்த்துகிறார்கள்.

ஓடும் குதிரை எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஓவியர்களுக்கே நெடுங்காலம் விடை தெரியவில்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் எப்சம் பந்தயத்தை வரைந்தபோது குதிரைகளின் முன்கால் இரண்டும் முன்னே, பின்கால் இரண்டும் பின்னே நீண்டு அந்தரத்தில் பறந்தன. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மை, ஆனால் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும் தருணத்தில்தான் என்பது தெரிந்தது. இன்றைய நல்ல பொம்மைக் குதிரைகள் இந்தப் பாடத்தைக் கற்றவை. மடங்கிய கால், நிலத்தைத் தொடும் ஒற்றைக் குளம்பு, தாங்கலுக்கு ஒரு பாறையோ புல்முடியோ. பெகாசஸ் குதிரைக்கு இறக்கை வைத்தாலும் எலும்புக்கூட்டுப் படைக்குக் குதிரை செய்தாலும் தோள் மூட்டும் முழங்காலும் நிஜக் குதிரையுடையதாகவே இருக்க வேண்டும். மாயக்கதைக் குதிரைப்படையின் வெற்றி முழுக்க இங்கேதான் என்று துணிந்து சொல்லலாம்.

நிறமும் அப்படித்தான். இங்கிலாந்துக்காரர்கள் ‘பே’ என்று சொல்லும் குதிரைக்குப் பழுப்பு உடல், கறுப்புப் பிடரி, கறுப்பு வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. ‘செஸ்ட்நட்’ குதிரைக்குச் செம்பழுப்பு உடல். பிடரியும் அதே சாயல்தான், கால் கறுக்காது. ‘கிரே’ எனப்படுவது பிறக்கும்போது கருமையாக இருந்து வயதாக ஆக வெளுக்கும். ரோமம் எவ்வளவு வெளுத்தாலும் தோல் கறுப்பு என்பதால் மூக்கும் வாயோரமும் சாம்பல் கறுப்பாகவே இருக்கும். காலில் வெள்ளைப் பட்டை இருந்தால் அதன் கீழுள்ள குளம்பும் பெரும்பாலும் வெளிர் நிறம். இதைக் கவனிக்காமல் வெள்ளைக் குதிரைக்கு இளஞ்சிவப்பு மூக்கும் ஒரே கறுப்பில் நான்கு குளம்பும் பூசிவிடுகிறவர்கள் அதிகம். கண்ணில் வெள்ளை வைப்பது இன்னொரு பொதுத் தவறு. மிரண்டால் ஒழியக் குதிரைக் கண்ணில் வெள்ளை தெரிவது அரிது. பளபளப்பான கறுப்பு, அதில் ஒரு புள்ளி வெளிச்சம், போதும்.

பூசும் வரிசை எளிது. முதலில் தெளிப்பு டின்னிலிருந்து அடிப்பூச்சு. பிறகு தண்ணீர் கலந்து மெலிதாக்கிய அக்ரிலிக், ஒருமுறை கெட்டியாக அல்ல, இரண்டு மூன்று முறை மெலிதாக. அதன்மேல் ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த கருஞ்சாயம் ஓடி, தசைக்கு இடையிலும் பிடரி இழைக்கு இடையிலும் தேங்கும். பிறகு பிரஷ்ஷில் வர்ணத்தை ஏறக்குறையத் துடைத்துவிட்டு மேடுகளை மட்டும் வருடுவது. பிடரிக்கும் வாலுக்கும் இது அற்புதமாக வேலை செய்யும். வழவழப்பான பின்தொடைக்கு ஒருபோதும் செய்யக் கூடாது, சுண்ணாம்பு தூவியதுபோல் ஆகிவிடும். 2019-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் சிட்டடெல் பெயரில் வெளியிட்ட ‘கான்ட்ராஸ்ட்’ வர்ணங்கள் நிழலையும் நிறத்தையும் ஒரே பூச்சில் தருகின்றன. பெரிய படையை முடிக்க வேண்டியவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

குதிரைப்படைக்கென்றே பிறந்த நாடு வார்ஹாமர் உலகில் பிரெட்டோனியா. ஆர்தர் மன்னர் கதைகளையும் இடைக்காலப் பிரான்ஸையும் குழைத்துச் செய்த கற்பனை. 1996-இல் வந்த ஐந்தாம் பதிப்புப் பெட்டியில் பல்லி மனிதர்களுக்கு எதிரே இவர்கள் நின்றார்கள். 2015-இல் அந்தப் பழைய விளையாட்டே நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் திரும்பி வந்தபோது முதல் வரிசைப் பெட்டிகளில் ஒன்று பிரெட்டோனியாவுக்கு, மற்றொன்று எலும்புக்கூட்டுக் குதிரைவீரர்களைக் கொண்ட கல்லறை மன்னர்களுக்கு.

பிரெட்டோனிய வீரர்களில் ஒவ்வொருவனுக்கும் தனிக் குலச்சின்னம். கேடயத்தில், குதிரையைப் போர்த்திய துணியில், கொடியில் சிங்கமும் அல்லிப்பூவும் கட்டங்களும். இதைப் பூசுகிறவர்கள் ஐரோப்பிய குலச்சின்ன மரபின் ஒரு பழைய விதியைக் கடைப்பிடிக்கிறார்கள்: மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி எனும் உலோகங்கள், மற்றவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, நிறத்தின்மேல் நிறம் கூடாது. நீலத்தில் மஞ்சள் சிங்கம் சரி, நீலத்தில் சிவப்புச் சிங்கம் தவறு. தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காணவே போர்க்களத்தில் இந்த வேறுபாடு தேவைப்பட்டது. மேசையின் மறுகோடியிலிருந்து பார்க்கும் ஆட்டக்காரருக்கும் இன்று அதே காரணத்தால் உதவுகிறது. தலையையும் கைகளையும் சற்றுப் பெரிதாகச் செதுக்கும் வழக்கமும் இந்தத் தூரத்தை நினைத்து வந்ததுதான்.

ஆட்டத்திலும் குதிரைக்குத் தனி இடம். 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் ஹெச். ஜி. வெல்ஸ் வகுத்த விதிப்படி காலாள் ஒரு முறைக்கு ஓரடி நகரும், குதிரைவீரன் இரண்டடி. வார்ஹாமரில் மனிதன் நான்கு அங்குலம், போர்க்குதிரை எட்டு. கவசம் போர்த்திய குதிரை ஓர் அங்குலம் வேகம் இழக்கும், பிரெட்டோனியக் குதிரை மட்டும் இழக்காது என்பது பழைய பதிப்புகளின் விதி. பாய்ந்து மோதும் அந்த ஒரு சுற்றில் ஈட்டிக்குக் கூடுதல் வலு. மோதல் நீண்டால் அது போய்விடும்.

நெருக்கமாக வரிசை கட்டுவதில் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. பின்வரிசைக் குதிரையின் தலை முன்வரிசைக் குதிரையின் வாலில் முட்டும், ஈட்டிகள் பின்னிக்கொள்ளும். எந்தக் குதிரை எங்கே பொருந்துகிறது என்று ஒட்டும்போதே பார்த்து, பீடத்தின் அடியில் எண் எழுதி வைப்பவர்கள் உண்டு. பழைய 25-க்கு 50 மில்லிமீட்டர் பீடம் ‘ஓல்ட் வேர்ல்ட்’டில் 30-க்கு 60 ஆனதால் இந்த நெருக்கடி கொஞ்சம் தணிந்திருக்கிறது.

நாட்டிங்ஹாம் சிற்பிகளில் இருவரைச் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. இரட்டையர்களான ஆலன் பெர்ரியும் மைக்கேல் பெர்ரியும் பல ஆண்டுகள் சிட்டடெலுக்காகச் செதுக்கியவர்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பட வரிசைக்கான மினியேச்சர்களில் அவர்கள் கை நிறைய இருக்கிறது. 1996-இல் பிரான்சில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி விபத்து. மைக்கேல் வலது கையை இழந்தார். இடது கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இருவரும் சொந்தமாக நடத்தும் பெர்ரி மினியேச்சர்ஸ் 15-ஆம் நூற்றாண்டுக் கவசக் குதிரைவீரர்களைப் பிளாஸ்டிக்கில் தருகிறது. வரலாற்று ஆட்டக்காரர்களுக்காகச் செய்தவை அவை. மாயக்கதைப் படைக்கும் பலர் அவற்றையே வாங்கி, தலையையும் கேடயத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல குதிரை எந்த உலகத்துக்கும் பொருந்தும்.

நாட்டிங்ஹாமிலிருந்து நியூவார்க் சின்ன ரயில் பயணம். 1970-களின் கடைசியில் பிரையன் ஆன்செல் சிட்டடெல் மினியேச்சர்ஸைத் தொடங்கிய ஊர் இது. உள்நாட்டுப் போரில் மூன்றுமுறை முற்றுகையிடப்பட்ட இந்த ஊரில் அந்தப் போருக்கென ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. தென்மேற்கே சில மைல் தள்ளி, ரோமானியர் போட்ட ஃபாஸ் சாலையோரம் கிழக்கு ஸ்டோக் கிராமம். 1487 ஜூன் 16 அன்று, இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களின் கடைசிச் சண்டை இங்கே நடந்தது. ஏழாம் ஹென்றி மன்னருக்கு எதிராக மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் தலைமையில் சுமார் 2,000 ஜெர்மானியக் கூலிப்படையினர் வந்து மடிந்தார்கள். அந்தக் கூலிப்படை மரபின் பின்னாளைய உடை, கிழித்துத் தைத்த சட்டைக்கையும் இறகுத் தொப்பியும், வார்ஹாமரின் ‘எம்பயர்’ படைவீரர்களின் உடையாயிற்று. ஆன்செல் குடும்பத்தின் வார்கேம்ஸ் ஃபவுண்ட்ரி இதே கிராமத்தின் ஸ்டோக் ஹாலில் இடம்பிடித்தது.

நியூவார்க்கிலிருந்து வடக்கே ரயிலில் லீட்ஸ். அங்குள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. வில்லியம் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி வாட்டர்லூ போரைச் சிற்றுருவங்களால் இருமுறை அமைத்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் கொண்ட முதல் மாதிரி லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில். 1844-ஐச் சேர்ந்த இரண்டாவது, பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படையின் பாய்ச்சலைக் காட்டுவது, ராயல் ஆர்மரீஸின் சேகரிப்பில். இன்றைய மேசைப்போர் ஆட்டக்காரர்களின் முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் சைபோர்னைச் சொல்லலாம்.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவரின் கால்கள் நிற்கும் இடம் வேறு. தகடும் சங்கிலி வளையமும் கோத்துப் போர்த்திய யானை ஒன்று லீட்ஸ் அருங்காட்சியகக் கூடத்தில் நிற்கிறது. வட இந்தியாவில் 1600 வாக்கில் செய்யப்பட்ட கவசம். சில பகுதிகள் தொலைந்தும் 118 கிலோ எடை. இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அப்போதைய மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியெட்டா. 1801-இல் மதராஸை விட்டு ஊர் திரும்பும்போது எடுத்துச் சென்று வேல்ஸின் போவிஸ் கோட்டையில் வைத்தார். மாயக்கதைப் படைகளின் மாபெரும் ஊர்தி விலங்குகளைச் செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது இந்தக் கவசம். தும்பிக்கை அசையவும் காது விரியவும் தகட்டை எங்கே நிறுத்தி, எங்கே வளையத்துக்கு இடம் விட்டார்கள் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இங்கிலாந்து போகும் வாய்ப்புள்ளவர்கள் இந்த ஊர்களையெல்லாம் நான்கு நாளில் பார்த்துவிடலாம். நாட்டிங்ஹாம் கண்காட்சிக்கு மட்டும் முன்கூட்டி டிக்கெட் எடுங்கள். போக முடியாதவர்கள் ஐந்தாறு குதிரைகள் கொண்ட ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டிலேயே தொடங்கலாம். பசையைத் திறக்குமுன் ஒரு நிஜக் குதிரையைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் குதிரைக்கு வெள்ளை வேண்டாம், அது மெலிதாகப் பல பூச்சு கேட்கும், திட்டுத் திட்டாக நிற்கும். பழுப்பு உடலும் கறுப்புப் பிடரியும் உள்ள பே குதிரையிலிருந்து தொடங்குங்கள்.